பனி மலையில் நாற்பத்தைந்தாவது யார்?

2022-ஆம் வருஷம் பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை. மாலைக் காப்பி ஆனதும் என் தாயார் மூக்குக்கண்ணாடியைப் புடைவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்தக் காஷ்மீரத்துப் பிள்ளைக்கு இன்றைக்குத்தானே பந்தயம்? என்ன ஆயிற்று என்று பாரேன்!" என்றாள்.

"எந்தப் பிள்ளை அம்மா?"

"சீனாவிலே பனியில் சறுக்கப் போயிருக்கிறானே, அவன்தான். நம் தேசத்திலிருந்து ஒரே ஒருத்தன். பெற்றவள் அங்கே என்ன பாடுபடுகிறாளோ!"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பீஜிங் நகரில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்தன. இந்தியாவின் சார்பில் போனவர் ஆரிப் கான் ஒருவர்தான். குல்மார்க் பக்கத்துப் பிள்ளை. துவக்க விழாவையும் நிறைவு விழாவையும் நேரடியாக ஒளிபரப்பப்போவதில்லை என்று தூர்தர்ஷன் அறிவித்திருந்தது. பத்திரிகையில் எப்போதோ வந்த நாலு வரியைப் படித்துவிட்டு என் தாயார் அந்தப் பையனைச் சுவீகாரமே எடுத்துக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது!

"இதோ, ஒரு நிமிஷம்!" என்று கைப்பேசியை எடுத்தேன். ஒரு நிமிஷமா? முக்கால் மணி நேரம் ஆயிற்று. தேடினால் பதக்கப் பட்டியல் வந்தது. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து மார்கோ ஓடர்மாட் ஜெயித்தார் என்று வந்தது. அவர் சிரிக்கிற படம் வந்தது. இரண்டாமவர், மூன்றாமவர் யார் என்றும் வந்தது. நம்மவரைப் பற்றி மூச்சு இல்லை! உலகத்துச் செய்திகளுக்கெல்லாம் மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது போலும்.

கடைசியில் ஒருவாறாகச் சரியான இடத்தைக் கண்டுபிடித்தேன். நீண்ட பட்டியல். விரலால் தள்ளிக்கொண்டே போனால் 45-ஆவது பெயர் ஆரிப் கான். இரண்டு முறை மலையிலிருந்து இறங்கியதற்கும் சேர்த்து 2 நிமிஷம் 47.24 விநாடி. முதலில் வந்தவரைவிட 37.89 விநாடி அதிகம்.

"நாற்பத்தைந்தா!" என்று அம்மா முகம் வாடினாள்.

"இன்னும் கீழே பார் அம்மா" என்றேன். அவருக்குக் கீழே இருந்த பெயர்களில் பெரும்பாலானவற்றுக்கு நேரே எண்ணே இல்லை. அன்றைக்குக் கொட்டுகிற பனி. புறப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வழியில் தவறிப்போய், பந்தயத்தை முடிக்கவே இல்லை!

"அப்படிச் சொல்லு! பாதிப் பேர் வந்தே சேரவில்லை, இவன் வந்து சேர்ந்தானே!" என்று அம்மா எழுந்து சமையல் உள்ளுக்குப் போனாள்.

அந்த முக்கால் மணி அலைச்சல் உங்களுக்கு வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் பனியில் சறுக்குகிற பெண்களைப் பார்த்துப் பிரமித்துப்போகிற ஒரு பெண்ணோ பேத்தியோ இருக்கக்கூடும். அல்லது என் தாயாரைப்போல் யாரோ பெற்ற பிள்ளைக்காகக் கவலைப்படுகிற ஒரு பாட்டி இருக்கலாம்.

முதலில் ஒரு விஷயம். பந்தய முடிவு பிறக்கிற இடம் மலையடிவாரத்து முடிவுக் கோடு. அங்கே உள்ள கடிகாரம் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு அந்த விளையாட்டை நடத்துகிற சர்வதேச சங்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து பத்திரிகைக்கும் டெலிவிஷனுக்கும் போய், நாலு கை மாறி நமக்கு வருகிறது. கை மாறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உதிர்ந்துவிடும். நாற்பத்தைந்தாவது ஆசாமி முதல் கையிலேயே உதிர்ந்துவிடுவார். ஆகையால் ஊற்றுக்கே போய்விடவேண்டும்.

ஒலிம்பிக் என்றால் ஒலிம்பிக்ஸ் டாட் காம் என்ற இணையதளம். நாள்வாரி அட்டவணை, விளையாட்டுவாரி முடிவு எல்லாம் அதில் உண்டு. பழைய ஒலிம்பிக் விழாக்களின் முடிவுகளும் உண்டு. ஆனால் ஒலிம்பிக் நாலு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற கும்பமேளா. நடுவில் ஒவ்வொரு குளிர்காலமும் உலகக் கோப்பைப் பந்தயங்கள் நடந்துகொண்டேயிருக்கும். அதற்குத் தனித்தனிச் சங்கங்கள்.

ஸ்கீ கட்டிக்கொண்டு மலையில் இறங்குவது, சமவெளியில் போவது, தாண்டிக் குதிப்பது, ஒற்றைப் பலகையில் சறுக்குவது இவ்வளவும் எப்.ஐ.எஸ். என்கிற சங்கத்தின் ஆளுகை. எப்.ஐ.எஸ். என்று எழுதி, ஒரு சிறு கோடு போட்டு, ஸ்கி டாட் காம் என்று சேர்த்தால் அதன் வீடு. இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. வீரர் பெயரைப் போட்டுத் தேடினால், பெரிய பந்தயம் சின்னப் பந்தயம் என்ற பேதமில்லாமல் அவர் கலந்துகொண்டது எல்லாம் வரிசையாக வந்துவிடும். மணாலி பக்கத்துப் பெண் ஆஞ்சல் டாக்கூர் 2018 ஜனவரியில் துருக்கியில் எர்ஸுரூம் என்ற ஊரில் ஸ்லாலம் பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றாள். பனிச்சறுக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் சர்வதேசப் பதக்கம் அது. அந்தச் செய்தியை அவளே ட்விட்டரில் போட்ட பிறகுதான் தேசம் திரும்பிப் பார்த்தது. எப்.ஐ.எஸ். பக்கத்தைப் பார்க்கிற வழக்கம் உள்ள யாராவது ஒருவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும்!

ஐஸ் ஸ்கேட்டிங்குக்கு ஐ.எஸ்.யு. என்ற சங்கம். பனியில் ஓடித் துப்பாக்கியும் சுடுகிற பயாத்லானுக்கு பயாத்லான்வேர்ல்ட் டாட் காம். படுத்துக்கொண்டு போகிற லூஜ் வண்டிக்கு ஒன்று, பாப்ஸ்லெட்டுக்கு ஒன்று, கர்லிங்குக்கு ஒன்று, ஹாக்கிக்கு ஒன்று. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். விளையாட்டின் பெயரோடு 'சர்வதேச சங்கம்' என்று இங்கிலீஷில் சேர்த்துத் தேடினால் வந்துவிடும்.

இடத்தைக் கண்டுபிடிப்பது பாதிதான். படிக்கத் தெரிய வேண்டும். அவசரப்பட்டுப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

2018 பிப்ரவரி 17. கொரியாவில் பியாங்சாங் ஒலிம்பிக். பெண்களின் சூப்பர்-ஜி பந்தயம். ஒருவர் பின் ஒருவராக மலையிலிருந்து இறங்குவார்கள். பேர்போன வீராங்கனைகளெல்லாம் முதல் இருபது பேருக்குள் இறங்கிவிடுவது வழக்கம். அதற்குப் பின்னால் வருகிறவர்கள் ஜெயிப்பது அபூர்வம். ஆஸ்திரியாவின் அன்னா வைத் 1 நிமிஷம் 21.12 விநாடியில் வந்து முதலிடத்தில் இருந்தார். முந்தின ஒலிம்பிக்கில் இதே பந்தயத்தில் ஜெயித்தவரும் அவரேதான். சரி, தீர்ந்தது என்று ஓர் அமெரிக்க டெலிவிஷன், அன்னா வைத்தான் தங்கம் என்று சொல்லிவிட்டு ஸ்கேட்டிங் பார்க்கப் போய்விட்டது.

இருபத்தாறாவதாக ஒரு பெண் புறப்பட்டாள். செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்கா. அவளுக்கு உண்மையில் கைவந்த வித்தை ஒற்றைப் பலகைச் சறுக்கல். ஸ்கீ அவளுக்கு இரண்டாவது விளையாட்டு. காலில் மாட்டியிருந்த ஸ்கீக்கள்கூட அமெரிக்க வீராங்கனை மிகேலா ஷிப்ரினிடமிருந்து வந்தவை. கீழே வந்து நின்று பலகையைப் பார்த்தாள். 1 நிமிஷம் 21.11 விநாடி! நூறில் ஒரு பங்கு விநாடியில் தங்கம்!

நம் வீட்டுப் பெண்ணாயிருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். லெடெட்ஸ்கா அசையவே இல்லை. கடிகாரம் ஏதோ தப்புச் செய்திருக்கிறது, இப்போது திருத்திவிடுவார்கள் என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தாளாம்! பிறகு நிருபர்களைச் சந்தித்தபோதும் பெரிய பனிக்கண்ணாடியைக் கழற்றவில்லை. ஜெயிப்போம் என்று நினைக்காததால் முகத்துக்குப் பவுடர் கிவுடர் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் காரணம். இந்த ஒன்றுக்காகவே அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு வாரம் கழித்துத் தன்னுடைய சொந்த விளையாட்டிலும் தங்கம் வாங்கினாள். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு வெவ்வேறு விளையாட்டுகளில் தங்கம் வாங்கிய முதல் பெண் அவள்தான்.

ஆகையால், பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போது பட்டியலின் மேலே யார் பெயர் இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். இன்னும் எத்தனை பேர் இறங்கவேண்டும் என்று முதலில் பாருங்கள். ஸ்லாலம் பந்தயங்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. முதல் சுற்றில் முதல் முப்பது இடங்களைப் பிடித்தவர்கள் இரண்டாவது சுற்றில் தலைகீழாக வருவார்கள். அதாவது, முப்பதாவது வந்தவர் முதலில் இறங்குவார். முதல்வர் முப்பதாவதாக இறங்குவார். ஆகவே இரண்டாவது சுற்று ஆரம்பித்த பத்து நிமிஷத்தில் பட்டியலைப் பார்த்தால், காலையில் இருபத்தெட்டாவதாக இருந்தவர் ராஜாவாக வீற்றிருப்பார். வீட்டில் ஒரே ஆரவாரம் எழும். அரை மணியில் அடங்கிவிடும். எங்கள் வீட்டில் இரண்டு முறை பாயசம் வரைக்கும் போய்விட்டது.

பயாத்லானிலும் இதே பத்தியந்தான். ஸ்பிரின்ட் என்ற பந்தயத்தில் முப்பது விநாடிக்கு ஒருவராகப் புறப்படுவார்கள். முதலில் வந்து சேர்ந்தவர் முதல்வர் என்று அர்த்தமில்லை. பெயருக்குப் பக்கத்தில் '0+1' என்று போட்டிருந்தால் படுத்துச் சுட்டதில் பிழையில்லை, நின்று சுட்டதில் ஒரு குண்டு தவறியது என்று பொருள். தவறிய குண்டு ஒவ்வொன்றுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று.

பெயர்களுக்குப் பக்கத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்துகள் இருக்கும். டி.என்.எஸ். என்றால் புறப்படவேயில்லை. டி.என்.எப். என்றால் புறப்பட்டார், முடிக்கவில்லை. டி.எஸ்.க்யூ. என்றால் விதியை மீறியதால் நீக்கப்பட்டார். மூன்றுக்கும் மலையளவு வித்தியாசம். தெரியாமல் ஒருவரைப் 'போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள்' என்று அண்டை வீட்டில் சொல்லிவைக்காதீர்கள், பாவம்.

தேசங்களுக்கும் மூன்றெழுத்துப் பெயர்கள் உண்டு. ஸ்விட்ஸர்லாந்தை எஸ்.யு.ஐ. என்று போட்டிருப்பார்கள். அது பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது. நமக்கு ஐ.என்.டி. ஆனால் 2014-இல் ரஷ்யாவில் ஸோச்சி நகரத்து ஒலிம்பிக்கில் நம் லூஜ் வீரர் ஷிவ கேசவனை ஐ.என்.டி. என்று தேடினால் அகப்படமாட்டார். அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கம் தடைசெய்யப்பட்டிருந்தது. ஆகவே தேசமில்லாத சுயேச்சை வீரராக ஒலிம்பிக் கொடியின் கீழ்ப் போய் நின்றார் அந்த மனிதர். அவருடைய பந்தயம் முடிந்து இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 11-ஆம் தேதி தடை நீங்கிற்று! அதற்கப்புறம் பந்தயத்தில் இறங்கிய இந்தியர்களுக்குப் பெயருக்கு நேரே தேசம் இருக்கிறது. 1998-இல் பதினாறு வயதில் ஜப்பானின் நாகனோவில் ஆரம்பித்து ஆறு ஒலிம்பிக்குகளுக்குப் போன கேசவனுக்கு அந்த ஒரு முறை மட்டும் இல்லை.

நாகனோ என்றதும் ஒரு விஷயம். ஒலிம்பிக் முடிவுகளை மின்னணுக் கம்ப்யூட்டர் கொண்டு கணக்கிடும் பழக்கம் 1960-இல் அமெரிக்காவில் ஸ்க்வா வாலி குளிர்கால விழாவில் ஆரம்பித்தது. 1998-இல் நாகனோ விழாவுக்கென்று ஏற்படுத்திய இணையதளத்தைப் பதினாறு நாளில் 63 கோடி முறைக்கு மேல் தட்டியிருக்கிறார்கள். ஒரே நிமிஷத்தில் அதிகபட்சம் 1,10,414 தட்டல்கள். எந்த நிமிஷம் தெரியுமா? பெண்களின் பிகர் ஸ்கேட்டிங் இறுதி ஆட்டத்தின்போது! டாரா லிபின்ஸ்கி என்ற பதினைந்து வயதுச் சிறுமி மிஷெல் க்வானை வென்ற ராத்திரி.

ஸ்கேட்டிங்கில் ஓடுகிற கடிகாரம் தீர்ப்புச் சொல்வதில்லை, மனிதர்கள் சொல்கிறார்கள். மனிதர்கள் என்றாலே தகராறுதான். 2002-இல் ஸால்ட் லேக் நகரில் ஜோடி ஸ்கேட்டிங்கில் ரஷ்ய ஜோடிக்குத் தங்கம் கொடுத்தார்கள். கனடா ஜோடி நன்றாக ஆடியது என்று கூட்டம் கொதித்தது. பிரெஞ்சு நடுவர் அம்மாளை யாரோ நிர்ப்பந்தம் செய்தார்கள் என்று புகார் கிளம்பி, கடைசியில் கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆறுக்கு இத்தனை என்று மார்க்குப் போடுகிற பழைய முறையை ஒழித்துப் புதிய முறை கொண்டுவந்தார்கள். இப்போது ஒவ்வொரு குதிப்புக்கும் ஒவ்வொரு சுழலுக்கும் தனித்தனி மார்க்கு. எந்த நடுவர் எவ்வளவு போட்டார் என்பதை வெகு காலம் மறைத்தே வைத்திருந்தார்கள். 2016-இல் அந்தத் திரையையும் நீக்கத் தீர்மானித்தார்கள். ஐ.எஸ்.யு. பக்கத்தில் பந்தய முடிவுக்குக் கீழே அந்த விவரத் தாள் இருக்கும். எடுத்துப் பாருங்கள். 'அந்தப் பெண் எவ்வளவு அழகாக ஆடினாள், மூன்றாவது இடமா?' என்று வருத்தப்படுவதற்கு முன், எந்தக் குதிப்பில் எந்த நடுவர் கை இறுக்கினார் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் விடைத்தாளைத் திருப்பி வாங்கிப் பார்க்கிறோமே, அதுபோல.

ஸ்கீ பந்தயத்தில் விநாடியை நூறாகப் பங்கிட்டு அளப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் 2014-இல் டவுன்ஹில் பந்தயத்தில் டீனா மாஸே, டொமினிக் கிஸின் என்ற இரண்டு பெண்களும் அச்சாக 1 நிமிஷம் 41.57 விநாடியில் வந்து, இரண்டு பேருக்கும் தங்கம். லூஜில் ஆயிரமாகப் பங்கிடுகிறார்கள். நாகனோவில் ஜெர்மனியின் ஸில்கே க்ராஸ்ஹார் ஜெயித்தது ஆயிரத்தில் இரண்டு பங்கு விநாடியால். கண் இமைக்கிற நேரத்தில் இப்படி எத்தனையோ தங்கங்கள் போய்விடும்!

இவ்வளவும் ஆகி, முடிவு எழுதி, கையெழுத்தாகி, பதக்கமும் கொடுத்துவிட்டார்கள் என்றால் முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை.

1924-இல் பிரான்ஸில் ஷாமொனி என்ற மலையூரில் நடந்த பந்தயங்களுக்குத்தான் முதல் குளிர்கால ஒலிம்பிக் என்று பிற்பாடு பெயர் கொடுத்தார்கள். அங்கே ஸ்கீ கட்டிக்கொண்டு தாண்டும் போட்டியில் மூன்றாவது இடம் நார்வேயின் தோர்லைப் ஹௌக். நாலாவது அமெரிக்காவின் அண்டர்ஸ் ஹௌகன். இவரும் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்தான். ஹௌக் சாமானியரல்ல, அதே விழாவில் மூன்று தங்கம் வாங்கியவர். ஆகையால் நாலாவதாக ஒரு வெண்கலம் கிடைத்ததில் யாருக்கும் சந்தேகம் தோன்றவில்லை.

ஐம்பது வருஷம் சென்றது. 1974-இல் அந்தக் காலத்து நார்வே வீரர்களில் ஒருவரான தோரால்ப் ஸ்ட்ரோம்ஸ்டாட் பழைய மார்க்குகளைப் பார்த்து, கூட்டலில் பிசகு இருக்கிறதே என்றார். சரித்திர ஆராய்ச்சிக்காரர் ஒருவர் திரும்பக் கூட்டிப் பார்த்தார். ஆமாம், பிசகுதான்! ஹௌக்குக்கு வரவேண்டியது மூன்றாவது இடமல்ல. அதற்குள் ஹௌக் இறந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது. ஹௌகன் எண்பது வயதைத் தாண்டிய கிழவர். அவரை நார்வேக்கு வரவழைத்தார்கள். ஹௌக்கின் மகள் தன் தகப்பனாரின் பதக்கத்தை எடுத்துவந்து, அந்தக் கிழவர் கையில் தானே கொடுத்தாள்.

அந்தப் பெண் மனசு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. தகப்பனார் திருடி வைத்துக்கொண்ட பொருளல்ல அது. யாரோ ஒருவர் கூட்டலில் செய்த தப்பு. ஆனாலும் ஐம்பது வருஷம் வீட்டில் இருந்த பதக்கம் அல்லவா?

இது பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2022-இல் பீஜிங்கில் ஸ்கேட்டிங் குழுப் போட்டியில் ரஷ்யக் குழு முதலில் வந்தது. அதில் இருந்த பதினைந்து வயதுக் கமீலா வலியேவாவின் ஊக்க மருந்துச் சோதனையில் வில்லங்கம் வந்தது. பதக்கம் கொடுக்கிற வைபவமே நின்றுபோயிற்று. 2024 ஜனவரியில்தான் தீர்ப்பு வந்தது. அமெரிக்காவுக்குத் தங்கம், ஜப்பானுக்கு வெள்ளி. அதே வருஷம் ஆகஸ்டு மாதம், பாரிஸில் கோடைகால ஒலிம்பிக் நடக்கையில், கொதிக்கிற வெயிலில் அந்தப் பனிப் பந்தயத்தின் பதக்கங்களைக் கழுத்தில் போட்டார்கள்! நீங்கள் 2022-இல் வெட்டி வைத்த பத்திரிகைத் துணுக்கு இன்றைக்குத் தப்பு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பந்தய சமயத்தில் தேடினால் 'இலவசமாக நேரில் காணலாம்' என்று பல பக்கங்கள் வந்து கையைப் பிடித்து இழுக்கும். உள்ளே போனால் டெலிபோன் நம்பர் கேட்கும், பிறகு பாங்கிக் கார்டின் எண் கேட்கும். எனக்குத் தெரிந்த ஒரு மாமி பேரனுக்காக நம்பரைக் கொடுத்துவிட்டு, வந்த தொல்லை தாங்காமல் ஸிம்மையே மாற்றினார். சங்கங்களின் பக்கங்களில் முடிவு பார்க்கக் காசு கிடையாது, கார்டும் கேட்கமாட்டார்கள். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

நேரக் கணக்கு முக்கியம். பீஜிங் நமக்கு இரண்டரை மணி முன்னே. இத்தாலி குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி பின்னே. ஆகவே 2026 பிப்ரவரியின் மிலானோ-கார்டினா அட்டவணையில் அந்த ஊர்க் காலை 11-30 என்று போட்டிருந்தால் நமக்கு மாலை 4 மணி. 2030-க்கு பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலை என்று தீர்மானித்திருக்கிறார்கள். அதற்கும் இதே கணக்கு. 2034-க்குத் தேர்ந்தெடுத்திருப்பது அமெரிக்காவின் யூட்டா. அங்கே நடுப்பகல் என்றால் நமக்கு இரவு பன்னிரண்டரை. அதற்கு இப்போதே தூங்கி வைத்துக்கொள்ள வேண்டும்!

நம் பெண்களைப் பற்றித் தேட விரும்புகிறவர்கள் 1988-க்குப் போங்கள். கனடாவில் கால்கரி நகரம், பெண்களின் ஸ்லாலம். ஷைலஜா குமார் என்ற பெயர் இருக்கும். குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். 2006-இல் டூரினில் நேஹா அஹுஜா. கீழே இருந்து மேலே படித்துக்கொண்டு வந்தால் சீக்கிரம் அகப்படுவார்கள்.

ஆரிப் கானுக்கு இன்னொரு பந்தயம் மூன்று நாள் கழித்து, 16-ஆம் தேதி. இந்தத் தடவை நான் தேடவேண்டியிருக்கவில்லை. அம்மாவே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் சுற்றிலேயே அவர் பெயருக்கு நேரே டி.என்.எப். என்று விழுந்தது.

"முடிக்கவில்லை என்றுதானே போட்டிருக்கிறான்? விழுந்துவிட்டானா? அடி பட்டதா?"

"அதெல்லாம் இதில் போடமாட்டார்கள் அம்மா."

"பின்னே எதில் போடுவார்கள்? அதைப் பார்!" என்றாள் அம்மா.